அங்க உங்களுக்கு யாரு இருக்கா?

பிப்ரவரி 25, ஞாயிறு

காலையில் பூரி கிழங்கு. இந்த வீட்டில் பூரி போட்டால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். நான் நாலாவது பூரியைப் பிய்க்கும்போது தமயந்தி ஆரம்பித்தாள்.

"அப்பா, உங்களுக்கு கிரீன் கார்டுக்குப் போட்டுடலாம்னு இருக்கோம்."

"எதுக்கு?"

"எதுக்கா? இங்கயே இருக்கறதுக்குத்தான்."

"மே மாசம் எனக்கு டிக்கெட் இருக்கேம்மா."

"அதை கேன்சல் பண்ணிக்கலாம். நான் சிட்டிசன், பெத்தவங்களை ஸ்பான்சர் பண்ணலாம். சுத்திப் பாக்க வந்தவங்க இங்க இருந்தபடியே அப்ளை பண்ணலாமாம். வக்கீல்கிட்ட கேட்டாச்சு."

கேட்டாச்சாம். என்னிடம் கேட்பதற்கு முன்னால் வக்கீலிடம். மாப்பிள்ளை நவநீதன் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். தங்கமான மனிதர். ஆனால் இந்த மாதிரி நேரத்தில் வாயைத் திறக்க மாட்டார்.

ஊரில் வீடு இருக்கிறது, போர் மோட்டார் இருக்கிறது, போட்டது போட்டபடி கிடக்கிறது என்றேன்.

"வீடும் மோட்டாருமாப்பா உங்களைப் பாத்துக்கும்? அங்க உங்களுக்கு யாரு இருக்கா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. போன வருஷம் நான் குளியலறையில் வழுக்கி விழுந்து, தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் கிடந்தேன். இங்கே அமெரிக்காவில், கொலம்பஸில் இருந்துகொண்டு போன் அடித்து அடித்துப் பார்த்தவள் அவள். நான் அதை மறந்துவிட்டேன், என் இடுப்புதான் மறக்கவில்லை.

சரி, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்து, முரட்டு டிரைவர்களையெல்லாம் அதட்டி வண்டியை எடுக்க வைத்தவன் நான். பெற்ற பெண் கண் கலங்கினால் மட்டும் சரி, பார்க்கலாம்.

மார்ச் 3, ஞாயிறு

ஊருக்குப் போன் செய்தேன். வீட்டுச் சாவி எதிர்வீட்டு மாவுக்கார அம்மாவிடம் இருக்கிறது. இட்லி மாவு அரைத்து விற்கிறவர்கள். பேர் செங்கமலம். புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலம். பிள்ளை குட்டி கிடையாது. நான் இல்லாதபோது மோட்டார் போட்டு, முருங்கைக்குத் தண்ணீர் விட்டு, தபால் வந்தால் எடுத்து வைக்கிறார்கள். அதனால்தான் தினமும் காலையில் போன் செய்ய வேண்டியிருக்கிறது. நம் காலை அவர்களுக்குச் சாயங்காலம்.

"மோட்டார் ஓடுதா?"

"ஓடுது சார்."

"சத்தம்?"

"நேத்து கேட்ட அதே சத்தம்தான் சார்."

கிரீன் கார்டு விஷயத்தைச் சொல்லவில்லை. அது நம் குடும்ப விஷயம், அவர்களிடம் எதற்கு?

மார்ச் 19

மழையும் குளிரும். தமயந்தி மடிக்கணினியை வைத்துக்கொண்டு அப்ளிகேஷன் நிரப்பினாள். கேள்வி என்றால் கேள்வியா அது! நீ தீவிரவாதியா, ஆயுதம் கடத்தினாயா, எந்த நாட்டுச் சர்க்காரையாவது கவிழ்த்தாயா? நான் ஒரு முறை விருத்தாசலம் டெப்போ மேனேஜரைக் கவிழ்க்கப் பார்த்தேன், முடியவில்லை என்றேன். சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாயிற்று. கல்யாணம் ஆகிப் பன்னிரண்டு வருஷம். குழந்தை என்ற பேச்சை இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. மாப்பிள்ளை வாரத்தில் பாதி நாள் வெளியூர். இத்தனை பெரிய வீட்டில் அவள் மட்டும் ஒரு கணினியோடு பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"விடோவருக்குத் தமிழ்ல என்னப்பா?"

"பொண்டாட்டி செத்தவன்."

"அது வாக்கியம். வார்த்தை என்ன?"

யோசித்துப் பார்த்தேன். பொம்பளைக்கு விதவை என்று வார்த்தை வைத்திருக்கிறார்கள். ஆம்பளைக்கு எவனும் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. "குணவதி போனதுக்கப்புறம் என்னை எல்லாரும் டைம் கீப்பர்னுதாம்மா கூப்பிட்டாங்க" என்றேன். அம்மா பேர் எடுத்ததும் அவள் மடிக்கணினியில் அடுத்த பக்கத்தைத் திறந்தாள். நாலு வருஷம் ஆகிறது.

இன்னொரு கேள்வி. அமெரிக்காவில் பலதாரம் செய்யும் உத்தேசம் உண்டா? தமயந்திக்கு அடக்க முடியாத சிரிப்பு. "எழுபது வயசுல பலதாரமாம்ப்பா! இல்லைன்னு போடறேன்" என்றாள்.

போடு, போடு. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 11

டாக்டர் பரிசோதனை. கையில் மூன்று ஊசி. சின்னப் பிள்ளைக்குப் போடுகிற ஊசியெல்லாம் இந்த வயதில் போடுகிறார்கள். ராத்திரி ரசம் சாதம் போதும் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

இன்று தோசை. கடை மாவு. புளிப்பும் இல்லை, மணமும் இல்லை. சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றின மாதிரி இருக்கிறது. "நல்லா இருக்காப்பா?" என்று தமயந்தி கேட்டாள். பிரமாதம் என்றேன்.

செங்கமலம் அம்மாவிடம் உளுந்துக்கு அரிசி என்ன கணக்கு என்று கேட்டேன். "நீங்களா அரைக்கப் போறீங்க? நாலுக்கு ஒண்ணு சார். வெந்தயம் மறந்துடாதீங்க" என்று சிரித்தார்கள். பிறகு, "மே மாசம்தானே வர்றீங்க? வந்து சாப்பிட்டுக்கலாமில்ல?" என்றார்கள்.

சொல்லிவிட வேண்டியதுதானே? "லைன் சரியில்ல, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

மே 6, திங்கள்

இன்று நான் ஏற வேண்டிய விமானம் நான் இல்லாமல் கிளம்பியது.

சாயங்காலம் தமயந்தியிடம், ஒரு பத்து நாள் மட்டும் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"போகக் கூடாதுப்பா. அப்ளிகேஷன் நடக்கறப்ப நாட்டை விட்டுப் போனா எல்லாம் ரத்தாயிடும். போகணும்னா அட்வான்ஸ் பரோல்னு ஒண்ணு வாங்கணும். அதுக்கும் போட்டிருக்கோம், எப்ப வரும்னு தெரியாது."

"என்னது, பரோலா?"

"பேருதான்ப்பா அப்படி."

"பரோல் கேட்கறதுக்கு நான் என்ன வேலூர் ஜெயில்லயா இருக்கேன்?"

கத்திவிட்டேன். அவள் முகம் சுருங்கிப் போயிற்று. பேசாமல் மாடிக்குப் போய்விட்டாள். நான் என் அறையில் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டேன். பெண் என்னைப் பூட்டியா வைத்திருக்கிறாள்? எனக்கென்று தனி அறை, இடுப்புக்கு ஒத்தடம் கொடுக்கப் பை, மருந்துக்குப் பெட்டி. ஊரில் எத்தனை பேருக்கு இது வாய்க்கிறது?

அப்படித்தான் எண்ணிக்கொள்ள வேண்டும்.

மே 7

செங்கமலம் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், டிக்கெட் கேன்சல், இங்கேயே இருக்க ஏற்பாடு நடக்கிறது என்று.

அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நல்லதுதானே சார். பொண்ணுகூட இருக்கறதுதான் நல்லது" என்றார்கள்.

"ஆமா, ஆமா."

"அப்ப எப்பதான் வருவீங்க?"

"எனக்கென்ன தெரியும்? மகளைத்தான் கேக்கணும்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. என் வயதுக்கு, என் சர்வீசுக்கு, சொல்கிற பேச்சா இது?

ஜூன் 2, ஞாயிறு

குளியலறையில் விழுந்ததைப் பற்றி இங்கே யாருக்கும் முழுசாகச் சொன்னதில்லை. தமயந்திக்குத் தெரிந்தது, அக்கம்பக்கத்தார் கதவை உடைத்துத் தூக்கினார்கள் என்பதுதான். உடைக்கச் சொன்னது செங்கமலம் அம்மா. ஆறு மணிக்கு நான் மாவு வாங்கப் போவேன். அன்றைக்குப் போகவில்லை. உடனே வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, ஆள் வருகிற வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தார்கள். "தூங்கிடாதீங்க சார், சிதம்பரம் வண்டி எத்தனை மணிக்குச் சொல்லுங்க, கடலூர் வண்டி எத்தனை மணிக்குச் சொல்லுங்க" என்று ஒவ்வொரு வண்டியாகக் கேட்டார்கள். வலியில் நானும் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

ஒண்டிக்கட்டைக்கு எதற்குத் தினமும் மாவு என்று யாராவது கேட்கலாம். எனக்கு இட்லி பிடிக்கும்.

ஜூன் 20

போன் எடுக்கவில்லை.

ஜூன் 21

எடுக்கவில்லை. மோட்டார் ரிப்பேராக இருக்கும்.

ஜூன் 23, ஞாயிறு

எடுத்தார்கள். காய்ச்சலாம். மூன்று நாளாக மாவு போடவில்லையாம். யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டேன்.

"யாரு பாக்கணும்? நானேதான் பாத்துக்கிட்டேன்."

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. மாத்திரை வாங்கினீர்களா, டாக்டரிடம் போனீர்களா, பக்கத்து வீட்டில் சொன்னால் என்ன என்று கத்தினேன். தமயந்தி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "மோட்டார் எரிஞ்சிடுச்சாம்மா" என்றேன்.

இப்படி ஒரு பொய்யை எதற்குச் சொன்னேன்? யாருக்கோ காய்ச்சல் என்று சொன்னால் என்ன குடி முழுகிப் போகும்?

ஜூலை 18

ஆடி பிறந்துவிட்டது. செங்கமலம் இன்று தானாகவே போன் செய்தார்கள். அப்படிச் செய்வது வழக்கம் இல்லை.

"சார், வந்தவாசில இருந்து அண்ணன் வந்திருந்தாரு. இங்க தனியா எதுக்குக் கஷ்டப்படறே, கடையை மூடிட்டு என்கூட வந்துடுன்னு சொல்றாரு. ஆவணி பொறந்ததும் வண்டி எடுத்துட்டு வரேன்னு போயிருக்காரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன். நீங்க என்ன சார் சொல்றீங்க?"

எனக்கு வாய் வரைக்கும் ஏதோ வந்தது. என்ன வந்தது என்று எனக்கே தெரியாது. வந்தது, நின்றது, திரும்பிப் போய்விட்டது.

"உங்க இஷ்டம். நான் சொல்ல என்ன இருக்கு?" என்றேன்.

"சரி சார்."

பிறகு சாவியை யாரிடம் கொடுப்பது என்று பேசினோம். பால்காரரிடம் கொடுக்கலாம் என்று முடிவாயிற்று.

மடையன். நான்தான், வேறு யார்?

ஜூலை 26

இன்டர்வியூவுக்குக் கடிதம் வந்துவிட்டது, ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி. தமயந்தி துள்ளிக் குதித்தாள். கேசரி கிளறினாள். "இது மட்டும் முடிஞ்சிட்டா போதும்ப்பா, அப்புறம் நான் நிம்மதியாத் தூங்குவேன். தினமும் கண்ண மூடினா அந்தப் பாத்ரூம் கதவுதான் வருது" என்றாள்.

இதைக் கேட்ட பிறகு நான் என்ன பேச முடியும்?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தார். என் இங்கிலீஷ் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் ஓடும். ஆபீசர் முன்னால் தமயந்தியே மொழிபெயர்க்கக் கூடாதாம், வெளியாள் வேண்டுமாம். தமிழ்ச் சங்கத்தில் விசாரித்துப் பிடித்தாள். கணநாதன் என்று பேர். இலங்கைக்காரர், பருத்தித்துறை. என் வயதுதான் இருக்கும்.

"நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ ஐயா. அவை கேக்கிறதை நான் அப்பிடியே உங்களுக்குச் சொல்லுவன். நீங்கள் சொல்லுறதை அப்பிடியே அவைக்குச் சொல்லுவன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்" என்றார்.

காதுக்கு இனிமையாக இருந்தது. அரைவாசி புரிந்தது. மீதி போகப் போகப் புரியும் என்று தமயந்தி சொன்னாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நடந்தது நடந்தபடி எழுதி வைக்கிறேன். நாளைக்கு யோசித்தால் வேறு மாதிரி ஞாபகம் வந்தாலும் வரும்.

ஆபீசர் ஒரு அம்மாள். ஐம்பது வயது இருக்கும், நரைத்த கிராப்பு. மரியாதையாக எழுந்து கை கொடுத்தார்கள். என்னையும் கணநாதனையும் தமயந்தியையும் நிற்க வைத்து, வலது கையைத் தூக்கச் சொன்னார்கள். சொல்வதெல்லாம் உண்மை. கையைத் தூக்கினதும் பொய் சொல்லி அகப்பட்டவன் மாதிரி இருந்தது, இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை.

பேர், ஊர், பிறந்த தேதி, எப்போது வந்தேன், எங்கே தங்கியிருக்கிறேன். எல்லாம் சரியாகச் சொன்னேன். தமயந்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் லேசாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அந்த அம்மாள் காகிதத்தைப் பார்த்தபடி ஏதோ கேட்டார்கள். கணநாதன் என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு இப்ப மனுசி இல்லைத்தானே ஐயா?"

மனுசி இல்லைத்தானே.

ஆறு மாதமாக என் பெண் என்னை இதைத்தான் கேட்கிறாள். அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? ஊரில் ஒரு ஆள் உண்டா, ஒரு மனுஷ ஜென்மம் உண்டா? ஆறு மாதமாக நான் முழுங்கிக்கொண்டிருக்கிறேன். இப்போது கையைத் தூக்கிச் சத்தியம் செய்த பிறகு, யாரோ ஒருவர் தமிழில் கேட்கிறார், உனக்கு ஒரு மனுசி இல்லைதானே என்று. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"இருக்காங்க" என்றேன்.

கணநாதன் ஒரு விநாடி பார்த்தார். பிறகு இங்கிலீஷில் சொன்னார். அதில் 'வைஃப்' என்ற வார்த்தை எனக்கே புரிந்தது. தமயந்தி விருட்டென்று திரும்பினாள். ஆபீசர் அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, காகிதத்தைத் தட்டிக் காட்டி ஏதோ கேட்டார்கள்.

"எப்ப ஐயா கலியாணம் கட்டினனீங்கள்?" என்றார் கணநாதன்.

"கல்யாணமா? யாரு கட்டினா?"

"மனுசி இருக்கிறா எண்டு சொன்னனீங்கள்."

"ஆமா, மனுசி இருக்காங்கன்னுதான் சொன்னேன். கல்யாணம் கட்டினேன்னு எப்ப சொன்னேன்?"

கணநாதன் நெற்றியில் தட்டிக்கொண்டார். "ஐயோ, பிழை என்ர பக்கம். எங்கட ஊரில மனுசி எண்டா பெண்சாதி ஐயா. உங்கட பெண்சாதி உயிரோட இருக்கிறாவோ எண்டுதான் இவை கேட்டது."

"அவ செத்து நாலு வருஷம் ஆகுது."

அதையும் சொன்னார், குழப்பம் எப்படி வந்தது என்பதையும் சொன்னார். ஆபீசர் அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் வேலை அவர்களுக்கு. இன்னொரு கேள்வி கேட்டார்கள்.

கணநாதன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அப்ப, இருக்கினம் எண்டு ஆரைச் சொன்னனீங்கள் எண்டு கேக்கிறா."

தமயந்தி இங்கிலீஷில் குறுக்கே ஏதோ சொல்லப் போனாள். அந்த அம்மாள் கையை லேசாகத் தூக்கி நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். நீலக் கண். கோபம் ஒன்றும் இல்லை. பதில் வேண்டும், அவ்வளவுதான்.

சும்மா வாய் தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். கணநாதன் அதை அழகாக மொழிபெயர்த்திருப்பார். எல்லாரும் சிரித்துவிட்டு எழுந்திருப்போம்.

"எங்க ஊர்ல எதிர்வீட்டுல ஒருத்தங்க. செங்கமலம்னு பேரு. கல்யாணம் அது இதுன்னு எதுவும் கிடையாது. ஆனா இருக்காங்க. அந்த ஊர்ல எனக்கு யாரு இருக்கான்னு கேட்டா, அவங்க இருக்காங்க."

என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போல இருந்தது. தமயந்தியின் பக்கம் நான் திரும்பவில்லை. கணநாதன் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்று நினைக்கிறேன். இங்கிலீஷில் அது கொஞ்சம்தான் இருந்தது.

ஆபீசர் அம்மாள் எதையும் எழுதவில்லை. "கலியாணம் கட்டேல்லைத்தானே, அப்ப ஒரு பிரச்சினையும் இல்லையாம் ஐயா. இருக்கிறபடியே இருக்கட்டுமாம்" என்றார் கணநாதன். மீதிக் கேள்விகள் மளமளவென்று ஓடின. தீவிரவாதி இல்லை, ஆயுதம் கடத்தவில்லை, பலதாரம் உத்தேசம் இல்லை. கடைசியில் அந்த அம்மாள் மறுபடி கை கொடுத்தார்கள். அனுமதி கிடைத்துவிட்டதாம். கார்டு தபாலில் வருமாம்.

கணநாதன் வாசலில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக் கொள்ளுங்கோ ஐயா" என்றார். "நீங்க ஒண்ணும் தப்பாக் கேக்கலீங்க" என்றேன்.

காரில் தமயந்தி சொன்னது ஒன்றே ஒன்று. "சீட் பெல்ட் போடுங்கப்பா."

ஆகஸ்ட் 14

பேசவில்லை. ரசத்தில் உப்பு இல்லை. நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

மாப்பிள்ளை வெளியூரிலிருந்து வந்துவிட்டார். சாப்பிட்டு முடித்த பிறகு தமயந்தி கேட்டாள்.

"அம்மா இருந்தப்பவேயாப்பா?"

"வாயைக் கழுவு!" நான் எழுந்துவிட்டேன். "உங்கம்மாவை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் தூக்கிட்டு அலைஞ்சவன்டி நான். அந்தக் கேள்வியை என்னைப் பாத்துக் கேக்கறியா?"

"பின்ன எப்போ?"

எப்போது என்று எனக்கு எப்படித் தெரியும்? மாவு வாங்கப் போனேன். நின்று பேசினேன். மறுநாளும் போனேன். இதில் எந்த நாளைச் சொல்வது?

"கோவிச்சுக்காதீங்க மாமா" என்றார் நவநீதன். அதிசயமாக வாயைத் திறந்தார். "எனக்கு ஏற்கெனவே சந்தேகம்தான். ஒரு போர் மோட்டாரைப் பத்தி தினமும் முக்கால் மணி நேரம் யாரு பேசுவாங்க?"

தமயந்திக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "இவருக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. நான் எத்தனை தடவை கேட்டேன், அங்க யாரு இருக்கான்னு! தனியா விட்டுட்டோமே, தனியா விட்டுட்டோமேன்னு எத்தனை நாள் தூங்கல தெரியுமா? ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தா? யாரோ ஒரு வெள்ளைக்காரிகிட்ட சொல்றீங்க, என்கிட்ட சொல்லத் தோணலையா?"

"எப்படிம்மா உன்கிட்ட சொல்றது? அவங்ககிட்டயே சொன்னதில்ல."

அழுகை நின்றுவிட்டது. கண்ணைத் துடைக்காமலே என்னைப் பார்த்தாள்.

"சொன்னதே இல்லையா?"

"இல்ல."

"அவங்களுக்குத் தெரியாதா?"

"என்னத்தைத் தெரியும்? மாவு குடுப்பாங்க, வாங்கிட்டு வருவேன்." பிறகு வந்தவாசி அண்ணன் கேட்டதையும், நான் உங்கள் இஷ்டம் என்று சொன்னதையும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் தட்டுகளை எடுத்து அடுக்கினாள். தண்ணீரைத் திறந்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"எனக்கு இது பிடிக்கலப்பா. ஒளிச்சு வெச்சு என்ன, சொல்லிட்டேன். அம்மா இருந்த வீட்டுக்கு எதிர்லயேன்னு நெனச்சா வயிறு எரியுது. ஆனா அவங்க காதுல விழ வேண்டிய வார்த்தையை ஆபீஸ்ல உக்காந்திருக்கிற ஒருத்தி கேட்டுக்கிட்டா பாருங்க, அது அதைவிடப் பிடிக்கல."

ஆகஸ்ட் 16

போனை எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன். என்ன பேசுவது என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். கேட்கச் சகிக்கவில்லை. மாலை வரைக்கும் இதே வேலை. அதற்குள் அங்கே ஊர் அடங்கியிருக்கும். நாளைக்குப் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி ஒன்று. காலையில் பல் துலக்கினதும் காபிகூடக் குடிக்காமல் போன் செய்தேன். எடுத்தாள். பின்னால் கிரைண்டர் சத்தம் இல்லை. டி.வி. சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம்.

"வந்தவாசி வந்துட்டேன் சார். விடியக்காலைல அண்ணன் வந்துட்டாரு. சாவி பால்காரர்கிட்ட குடுத்தாச்சு. முருங்கைக்குத் தண்ணி விடச் சொல்லியிருக்கேன். மோட்டார்..."

"மோட்டாரை விடுங்க."

நேற்று போன் செய்திருந்தால் பண்ருட்டியில் இருந்திருப்பாள். இதை எண்ணினதும் யோசித்து வைத்த பேச்சு எல்லாம் மறந்து போயிற்று. இன்டர்வியூவில் நடந்ததை அப்படியே சொன்னேன். கையைத் தூக்கினது, கேள்வி, என் பதில், ஆபீசர் சிரித்தது, பிறகு யாரைச் சொன்னாய் என்று கேட்டது, நான் பேர் சொன்னது.

"என் பேரையா?"

"ஆமா."

"அமெரிக்கா ஆபீஸ்லயா?"

"ஆமா. சத்தியம் பண்ணிட்டு."

எங்கேயோ எழுந்து போகிறாள் போல, டி.வி. சத்தம் குறைந்தது.

"சார், மனுசின்னா பொண்டாட்டின்னு எந்த ஊர்ல சொல்லுவாங்க?"

"இலங்கைல. அவங்க பேச்சு அப்படியாம். நமக்கு மனுசின்னா வெறும் ஆள்தானே? அதுல வந்த குழப்பம்தான்."

"நீங்க எந்த ஊர்ப் பேச்சுல சொன்னீங்க?"

அன்றைக்கு நான் நம் ஊர்ப் பேச்சில்தான் சொன்னேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து இருக்காங்க என்று சொன்னபோது எனக்கு இலங்கைப் பேச்சு தெரியாது. அதுதான் நிஜம். ஆனால் இன்றைக்கு இவள் கேட்கிறாள். என்னை யாரும் கையைத் தூக்கச் சொல்லவில்லை.

"அவங்க ஊர்ப் பேச்சுல" என்றேன்.

அவள் மூச்சு விடுகிறது கேட்டது. மாடிப்படியில் தமயந்தி நின்றுகொண்டிருந்தாள், எப்போது வந்தாள் என்று தெரியாது. நான் பார்த்ததும் இறங்கி வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.

அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல், "யாரும்மா போன்ல, இவ்ளோ நேரம்?" என்றது. அண்ணனாகத்தான் இருக்கும்.

"வீட்டுக்காரருண்ணா" என்றாள் செங்கமலம்.

லைன் கட்டாகிவிட்டது.

எதிர்வீட்டுக்காரர் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். நான் அவளுக்கு எதிர்வீட்டுக்காரன்தானே? லைன் கரகரவென்று இருந்தது. 'எதிர்' என்ற வார்த்தை அந்தக் கரகரப்பில் போய்விட்டதா, இல்லை அவள் சொல்லவே இல்லையா என்று காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தரம் ஒரு வார்த்தையைத் தப்பாக எடுத்துக்கொண்டுதான் இத்தனையும் ஆயிற்று. மறுபடி போன் செய்தால் கேட்டுவிடலாம். செய்யவில்லை. இது போனில் கேட்கிற விஷயம் இல்லை.

கார்டு வந்ததும் டிக்கெட் போட்டுக் கொடு என்று தமயந்தியிடம் சொன்னேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை. "சென்னைல இருந்து வந்தவாசிக்கு எப்படிப்பா போறது?" என்று மட்டும் கேட்டாள். கோயம்பேட்டில் வண்டி உண்டு என்றேன்.